ஊசித் துளையின் வரலாறு

உலகை மாற்றிய பொருள் யாதென்று வினவினால், சிலர் வெடிமருந்தென்பர், சிலர் நீராவியென்பர், அச்சுப்பொறியென்று சொல்வோரும் உளர். ஊசியென்று சொன்னவர் ஒருவரையும் நாம் இதுகாறும் கண்டதில்லை. ஊசி அவ்வளவு அற்பமாகிவிட்டது. காதற்ற ஊசியைச் செல்வ நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறிப் பழகிய நாம், காதுள்ள ஊசியைப் பற்றி ஒரு நாழிகையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அந்தக் காது ஊசியின் தலையில் இருப்பதா, இடையில் இருப்பதா, முனையில் இருப்பதா என்னும் ஒரு சிறு கேள்வியில் கலகமும், நீதிமன்ற வழக்கும், வறுமையும், பெருஞ்செல்வமும் அடங்கிக் கிடக்கின்றன. நம் வீட்டு மூலையில் துணி போர்த்தி நிற்கும் தையல் யந்திரம் அக்கேள்விக்குக் கிடைத்த விடையேயாகும். அதன்மீது பூச்சாடி வைத்து அழகு பார்க்கும் இல்லங்கள் இந்நாளில் பல. அதன் வரலாற்றை அறிந்தால், சாடியை இறக்கி வைத்துவிட்டு ஒருமுறை மிதித்துப் பார்க்க மனம் வருமென்று நம்புகிறோம்.

தலையில் துளையுடைய ஊசி மிகப் பழையது. சைபீரியாவின் குகைகளில் சுமார் 40,000 ஆண்டுகட்கு முற்பட்ட எலும்பு ஊசிகள் கிடைத்துள்ளன. குளிரில் வாழ்ந்தவர்க்குத் தோலை இணைத்து உடலோடு ஒட்டிய உடை செய்வது உயிர்ப் பிரச்சினை. அலங்காரம் பிறகு வந்தது. நம் நாட்டிலோ தைக்காத துணியே பெருவழக்கு. ஆயினும் தையற்றொழில் நமக்குப் புதியதன்று. புகார் நகரத்து வினைஞரைச் சொல்லுமிடத்தில் சிலப்பதிகாரம் துன்னகாரரையும் கூறுகின்றது. துன்னுதல் என்றால் தைத்தல். பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் வந்த பொருநன் உடுத்தியிருந்த கந்தையில், வேற்று இழை நுழைந்திருந்ததாம். மன்னன் அதனைக் களைவித்துப் பாம்பின் தோலைப் போன்ற நுண்ணிய பூவேலை ஆடையைக் கொடுத்தான். ஒட்டுத்தையலும் பூவேலையும் ஏழைக்கும் செல்வனுக்கும் உள்ள தூரத்தைக் காட்டும் அளவுகோலாக அன்றே இருந்தன என்பதை ஈண்டுக் குறித்து மேற்செல்வோம்.

தலைத்துளை ஊசிக்கு ஓர் இயல்பு உண்டு. அது முழுவதும் துணியின் உள்ளே புகுந்து மறுபுறம் வெளிப்பட வேண்டும். ஒரு கை ஊசியை விடவேண்டும், மறுபுறத்தில் விரல்கள் அதனைப் பற்றவேண்டும், திருப்பவேண்டும், மீண்டும் குத்தவேண்டும். மனிதக் கைக்கு இஃது எளிது. இரும்புக் கைக்கோ மிகவும் அரிது. தையல் யந்திரம் செய்ய முயன்ற முதல்வர்கள் பலரும் மனிதக் கையைப் போலவே இரும்பை ஆட்டி வைக்கப் பார்த்துத் தோற்றனர். சார்லஸ் வீசந்தால் என்னும் ஜெர்மானியர் 1755இல் இங்கிலாந்தில் இருபுறமும் கூரான ஓர் ஊசிக்குப் பேடெண்ட் என்னும் தனியுரிமை பெற்றார். இரு முனையும் கூராக இருந்தால் ஊசியைத் திருப்ப வேண்டுவதில்லையன்றோ? தாமஸ் செயிண்ட் என்னும் ஆங்கிலேயர் 1790இல் தோல் தைக்கும் யந்திரம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். ஆனால் அந்தப் பத்திரம் காலணி, மெழுகெண்ணெய் முதலியவற்றின் கட்டில் சிக்கி எண்பது ஆண்டுக்கு மேல் ஒருவர் கண்ணிலும் படாமற் கிடந்தது. கண்டுபிடிப்பு வேறு, அது உலகுக்குப் பயன்படுதல் வேறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாமறியோம்.

அடுத்து வந்தவர் பிரான்சு தேசத்துத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே. இவர் 1830இல் உரிமை பெற்ற யந்திரம், கொக்கி முனையுடைய ஊசியால் சங்கிலித் தையல் இட்டது. சங்கிலித் தையலை நம் பெண்மணிகள் அனைவரும் அறிவர். கடையில் வாங்கும் அரிசிச் சாக்கின் வாயில் இருப்பதும் அதுவே. சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுவதும் அவிழ்ந்துவிடும். சாக்குக்கு அது வசதி; சட்டைக்கு அது ஆபத்து. எனினும், பாரிசு நகரில் 80 யந்திரங்களைக் கொண்ட பட்டறையொன்றில் திமோனியே போர்வீரர் உடுப்புகளைத் தைக்கத் தொடங்கினார். 1831ஆம் ஆண்டு ஜனவரியில் தையற்காரர் கூட்டமாகத் திரண்டு வந்து அந்த யந்திரங்களை நொறுக்கினர். திமோனியே ஊர் திரும்பினார், பின்னும் முயன்றார், 1857இல் வறுமையில் இறந்தார்.

அந்தக் கலகக்காரரை மூடரென்று எழுதிச் செல்லுதல் எளிது. பல நூல்கள் அவ்வாறே எழுதியுள்ளன. நாம் அதற்கு உடன்படோம். பாரிசு நகரத்துத் தையற்காரன் யந்திரத்தைப் பகைத்தானல்லன். அந்த யந்திரம் தன் மகனுடைய ரொட்டியைத் தின்னுமென்று அஞ்சினான். பட்டறை அவனுக்கு உரியதன்று. அதில் மிச்சமாகும் கூலியும் அவனுக்கு வாராது. இதனை மனத்திற் கொண்டு அட்லாண்டிக் கடலுக்கு அப்பாற் செல்வோம்.

நியூயார்க்கு நகரில் வால்டர் ஹண்ட் என்பவர் இருந்தார். கைவைத்ததெல்லாம் புதுப்பொருளாகும் கைராசிக்காரர்; காசு சேர்க்கும் ராசி மட்டும் இல்லாதவர். நாம் குழந்தையின் துணியிற் குத்தும் ஊக்கு இவர் 1849இல் கண்டதே. அதன் உரிமையை 400 அமெரிக்க வெள்ளிக்கு விற்றுவிட்டார். இவர் 1830களின் நடுவில் ஊசியின் துளையை முனைக்குக் கொண்டுவந்தார். இங்கேதான் வரலாறு திரும்புகின்றது. முனையில் துளையிருந்தால் ஊசி துணியைக் கடந்து முழுவதும் போகவேண்டுவதில்லை. சற்றே மூழ்கி, நூலை இறக்கி, மீண்டும் மேலே எழுந்தாற் போதும். எழும்போது துணிக்கு அடியில் நூல் ஒரு சிறு வளையமாக நெகிழும். அந்த வளையத்தின் ஊடே, நெசவாளர் ஓடமென்றும் நாடாவென்றும் வழங்கும் அதே கருவி, இரண்டாவது நூலைச் சுமந்துகொண்டு ஓடிவிடும். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். இத்தையல் இழுத்தாலும் அவிழாது. தையற்காரனின் ஊசியும் நெய்பவனின் ஓடமும் சேர்ந்து பெற்ற குழந்தையே நம் தையல் யந்திரம் என்னலாம்.

ஹண்ட் இதற்குத் தனியுரிமை கோரவில்லை. இதனைக் கொண்டு தொழில் நடத்துமாறு தம் பதினைந்து வயது மகள் கரோலைனிடம் கூறினாரென்றும், ஊசியால் வயிறு வளர்க்கும் ஏழைப் பெண்களின் பிழைப்புப் போய்விடுமென்று அவள் மறுத்தாளென்றும் சொல்லுகின்றனர். பாரிசில் கல்லாலும் தடியாலும் கேட்கப்பட்ட கேள்வியை இச்சிறுமி மென்மொழியாற் கேட்டாள். அவள் கேள்விக்கு விடை பின்னர் வரும்.

இந்தப் பூட்டுத்தையலின் இயல்பை அறிந்தவர்க்கு யந்திரம் செய்யும் குறும்புகளில் பாதி விளங்கிவிடும். இரு நூலும் சந்திக்கும் முடிச்சு துணியின் கனத்துக்குள் மறைந்திருக்க வேண்டும். மேற்புறத்தில் நூல் கம்பி போல் நீண்டு, கீழ்நூலின் புள்ளிகள் மேலே எட்டிப் பார்த்தால், மேல்நூலின் இறுக்கம் மிகுதி. திருகைச் சற்றுத் தளர்த்துக. அடிப்புறத்தில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் நம்மவர் உடனே கீழ்நூற் கண்டான பாபினைப் பழிப்பர். குற்றம் பெரும்பாலும் மேலேயே இருக்கும். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து மறுபடியும் கோக்க வேண்டும். பாதம் தூக்கியிருக்கும்போதுதான் இறுக்கும் தட்டுகள் விலகி நூலுக்கு இடங்கொடுக்கும். அது கீழே இருக்கையில் கோத்த நூல் தட்டுகளுக்கு வெளியே நின்றுவிடும். இச்சிறு செய்தியை அறியாமல் யந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுபோய்க் காசிழந்தவர்களில் நாமும் ஒருவரே.

ஹண்ட் விட்டதை எலியாஸ் ஹோ பிடித்துக்கொண்டார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1819இல் பிறந்த இவர் யந்திரப் பட்டறைத் தொழிலாளி, உடல் நலிந்தவர். குடும்பம் நடத்த அவர் மனைவி இரவெல்லாம் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தே அவருக்கு இவ்வெண்ணம் எழுந்ததென்பர். துளையை முனையில் வைக்கும் உபாயம் ஒரு கனவில் தோன்றியது, மனிதரைத் தின்னும் கூட்டத்தார் ஏந்திய ஈட்டிகளின் முனையில் துளைகள் இருந்தன என்றொரு கதையும் உண்டு. ஹண்டின் யந்திரம் அதே நாட்டில் பத்தாண்டுக்கு முன்பே ஓடியிருக்க, கனவுக்கு இத்துணைப் பெருமை தருவானேன்? கதை கதையாகவே நிற்கட்டும். 1845இல் பாஸ்டன் நகரில் தேர்ந்த தையற்பெண்கள் ஐவரோடு ஹோ போட்டியிட்டார். ஐவரும் ஆளுக்கொரு மடிப்புத் தைத்து முடிக்குமுன் இவர் ஐந்தையும் முடித்தார். 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 10இல் தனியுரிமையும் கிடைத்தது. வாங்குவார்தாம் இல்லை, ஒரு யந்திரத்தின் விலை 300 வெள்ளி. அவருடைய சகோதரர் லண்டனுக்குப் போய் அங்குள்ள மார்க்கச்சு வியாபாரி ஒருவருக்கு 250 பவுனுக்கு உரிமையை விற்றார்; பின்னர் ஹோவும் லண்டனுக்குச் சென்றார். ஹோ 1849இல் வெறுங்கையோடு தாய்நாடு திரும்பினார். இரவெல்லாம் தைத்த மனைவி சின்னாளில் இறந்தாள்.

திரும்பி வந்தவர் கண்டது யாது? ஊரெங்கும் தையல் யந்திரம்! ஐசக் சிங்கர் என்னும் நாடகக்காரர், 1850இல் பாஸ்டன் பட்டறையொன்றில் பழுதான யந்திரத்தைக் கண்டு பதினொரு நாளில் வேறொன்றைச் சமைத்தார். நேர்க்குத்தாக ஏறியிறங்கும் ஊசி, துணி தட்டையாகப் படியும் மேசை, அழுத்தும் பாதம், காலால் மிதிக்கும் மிதி ஆகிய இவையெல்லாம் ஒருங்கு சேர்ந்து நாம் இன்று காணும் உருவம் அமைந்தது. 1851இல் உரிமை பெற்றார். ஆனால் அவர் ஊசியின் துளையும் முனையிலேயே இருந்தது. ஹோ வழக்காடினார். சிங்கரின் வழக்கறிஞர்கள் வால்டர் ஹண்டைத் தேடிப்பிடித்து, ‘இவரே முந்தியவர்’ என்று வாதித்துப் பார்த்தனர். முந்தியவர் என்பது மெய்தான். உரிமை கோராமல் விட்டவருக்குச் சட்டம் என் செய்யும்? 1854இல் ஹோ வென்றார். சிங்கர் 15,000 வெள்ளி கொடுத்துச் சமாதானமானார்.

1856இல் இன்னும் விந்தையானதொன்று நிகழ்ந்தது. ஒருவர்மீது ஒருவர் வழக்கிட்டுக் களைத்த கம்பெனிகள், எல்லார் உரிமைகளையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டாக ஆளுவதென்று ஒப்பந்தம் செய்துகொண்டன. விற்கும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஹோவுக்கு ஐந்து வெள்ளி. நேற்றைய ஏழை பெருஞ்செல்வரானார். அவர் இறந்த 1867இலேயே அவருடைய உரிமையும் காலாவதியாயிற்று. கூட்டு 1877 வரை நீடித்தது.

நிற்க. கரோலைனின் கேள்விக்கு வருவோம். யந்திரம் வருமுன் தையற்பெண்களின் வாழ்வு பொன்னாக இருந்ததா? இல்லை. லண்டன் நகரில் சட்டைக்கு இத்தனை காசு என்று கூலிக்குத் தைத்த பெண்களின் துயரை தாமஸ் ஹூட் என்னும் புலவர் 1843இல் ஒரு பாட்டாக எழுத, இங்கிலாந்து முழுவதும் கண்ணீர் விட்டது. கூலி உயர்ந்ததாகத் தெரியவில்லை. பின்னர் யந்திரம் வந்தது. வீலர் வில்சன் கம்பெனியார் 1861ஐ ஒட்டி ஒரு கணக்கு வெளியிட்டனர். ஓர் ஆண்மகனின் சட்டையைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். யந்திரத்தால் 1 மணி 16 நிமிடம். பதின்மூன்று மணி மிச்சம்! இம்மிச்சம் யாருக்குப் போயிற்று என்பதே நம் கேள்வி.

வீட்டில் தன் குடும்பத்துக்குத் தைத்த பெண்ணுக்கு அம்மிச்சத்தில் ஒரு பங்கு கிடைத்தது உண்மை. அதிலும் நாகரிகம் கைவைத்தது; மடிப்பும் கொசுவமும் விளிம்புப் பட்டியும் மிகுந்து, முன்பு நூறு முழம் தைத்தவள் இப்போது ஆயிரம் முழம் தைத்தாள். கூலிக்குத் தைத்தவளுக்கோ துணியின் வேகம் ஏறியதற்கு ஈடாக உருப்படிக் கூலி இறங்கியது. நியூயார்க்கிலும் லண்டனிலும் பலர் யந்திரத்தைத் தாமே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டியிருந்தது. நூலும் அவர்கள் செலவு. ஆதலின் கரோலைன் அஞ்சியது முழுவதும் நடவாவிட்டாலும் வேறு வடிவில் நடந்தது. பிழைப்புப் போகவில்லை, பிழைப்பின் பயன் வேறிடம் போயிற்று. அக்காலத்து ஊசிக்காரியும் இக்காலத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் ஒரே மரபினர்.

யந்திரம் ஏழை வீட்டுக்குள் நுழைந்ததற்கு எஞ்சினியர் காரணமல்லர், வக்கீலே காரணர். சிங்கரின் பங்காளி எட்வர்டு கிளார்க்கு என்னும் வழக்கறிஞர் 1856இல் தவணை முறையைப் புகுத்தினார். முதலில் ஐந்து வெள்ளி கொடு, யந்திரத்தைக் கொண்டுபோ, மீதியை மாதாமாதம் கட்டு. முழுவதும் கட்டும்வரை பொருள் கம்பெனியினுடையது. விற்பனை பெருகிற்று. ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்கு நகரில் 1885இல் நிறைவடைந்த தொழிற்சாலையிலிருந்து கீழ்நாடுகளுக்கெல்லாம் யந்திரங்கள் கப்பலேறின. நம் பாட்டிமார் பலர் மிதித்த யந்திரங்களின் இரும்புக் காலில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது.

தவணை முறையால் கைம்பெண்கள் பலர் தலைநிமிர்ந்தனர் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம். பிறர் வயலுக்கோ வீட்டுக்கோ கூலி வேலைக்குப் போகாமல், குழந்தையை மடியருகில் வைத்துக்கொண்டே நாலு காசு சம்பாதிக்க வழி செய்த பொருள் அக்காலத்தில் வேறொன்றுமில்லை. அதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பேராக் மாநிலத்துச் சிற்றூரொன்றில் நடந்ததாக எம் தாயார் சொல்லக் கேட்டுள்ளோம். ஓர் அம்மையார் இருபத்திரண்டு தவணை ஒழுங்காகக் கட்டினார். மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்து இரண்டு தவணை தவறினார். கடையாட்கள் வந்து, பாதி தைத்த ரவிக்கையை ஊசியிலிருந்து அறுத்துப் போட்டுவிட்டு யந்திரத்தை வண்டியிலேற்றிச் சென்றனர். அந்த ரவிக்கையை அவர் கையாலேயே முடித்து உரியவரிடம் கொடுத்தாராம். மலேசியாவில் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதற் சட்டம் வந்தபின் முன்னறிவிப்பின்றி இவ்வாறு பறித்தல் முடியாதாயிற்று. இன்னொரு வகைப் பறிப்பும் உண்டு. கலியாணச் சீர்வரிசையில் தையல் யந்திரம் கேட்டு வாங்கிய மாப்பிள்ளை வீட்டார், மணப்பெண்ணுக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டதில்லை. தெரியாத பெண்ணுக்கு அது சுமை. தெரிந்த பெண்ணுக்கோ அவள் சம்பாத்தியத்தையும் சேர்த்தே சீராகக் கேட்டதாயிற்று.

காந்தியார் யந்திரங்களை வெறுத்தவரென்பது பொதுக் கருத்து. 1924இல் ராமச்சந்திரன் என்னும் மாணவரோடு உரையாடியபோது சிங்கர் தையல் யந்திரத்துக்கு மட்டும் அவர் விலக்கு அளித்தார். மனைவி தைத்துத் துன்புறுவதைக் கண்ட சிங்கர் அன்பினாலே அதனை ஆக்கினாரென்பது அவர் கூறிய காரணம். கருத்து உயர்ந்ததே, ஆள்தான் மாறிவிட்டது. சிங்கர் ஒரே காலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களை ஒருவருக்கொருவர் அறியாமல் நடத்தி, குட்டு வெளிப்பட்டபின் ஐரோப்பாவுக்குச் சென்றுவிட்டவர். அன்பின் கதை பொருந்துமாயின் ஹோவுக்கே ஓரளவு பொருந்தும்.

இனிப் பூவேலைக்கு வருவோம். இங்கே துளை ஊசியின் இடையில் வந்து அமர்கின்றது. இருபுறமும் கூராகி நடுவில் காதுள்ள ஊசியைக் கொண்டு, 1828இல் முலூஸ் நகரத்து ஜோசுவே ஹைல்மன் பூத்தையல் யந்திரம் செய்தார். நிமிர்த்திக் கட்டிய துணியின் இருபுறமும் இடுக்கிகள் நின்று ஊசிகளை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும். ஓர் ஆள் சித்திரத்தின் கோட்டைச் சுட்டுகோலால் தொட்டுக்கொண்டே போக, அத்தனை ஊசியும் அவ்வடிவையே சிறிதாகத் தைக்கும். ஸ்விட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் வட்டாரத்தில் விவசாயிகள் இதனைத் தங்கள் வீட்டிலேயே நிறுவினர். ஆண் யந்திரத்தை ஓட்டினான். நூற்றுக்கணக்கான ஊசிகளுக்கு நூல் கோத்தவர்கள் அவன் மனைவியும், பள்ளிக்கு முன்னும் பின்னும் குனிந்திருந்த சிறு குழந்தைகளுமே. குழந்தையின் கண்ணே அந்தச் சித்திரச் சரிகையின் விலை. 1863இல் ஐசக் கிரோப்லி தையல் யந்திரத்தின் முறையைப் பூவேலைக்குப் புகுத்தி, முனைத்துளை ஊசியும் ஓடமும் கொண்ட யந்திரத்தைச் செய்தார். அதற்கு ஷிஃப்லி என்று பெயர். சிற்றோடம் என்று பொருள். 1910ஐ ஒட்டிய காலத்தில் அந்நாட்டு ஏற்றுமதிகளில் பூத்தையலே முதலிடம் பெற்றிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பெண்கள் உடை எளிமையாயிற்று, தொழில் சரிந்தது.

ஐரோப்பியச் சரிகைப் பட்டி நம் தீவுகளுக்கும் வந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் வாழ் சீனப் பெரானாக்கான் குடும்பத்து நோன்யாக்கள், தங்கள் கெபாயாவின் விளிம்பில் அதனை வைத்துத் தைத்தனர். 1920களிலும் 30களிலும் ஒரு மாறுதல் தோன்றியது. வாங்கிய பட்டியை ஒட்டுவதற்குப் பதிலாக, மெல்லிய வாயில் துணியிலேயே யந்திரத்தால் பூவும் பறவையும் வண்ணத்துப் பூச்சியும் தைக்கலாயினர். ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான ஊசிகளும் ஆலையும் செய்ததை இங்கே ஒரே ஊசியும் ஒரு சோடிக் கைகளும் ஒரு மிதியும் செய்தன. நேர்க்கோடு தைக்கவென்று பிறந்த யந்திரத்தைத் தூரிகையாக ஆக்கிக்கொண்ட பெருமை பூத்தையற்காரருடையது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து விண்ணப்பிக்க, கெபாயாவை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. ஐந்து அரசுகள் கூடி ஓர் இரவிக்கைக்காக ஒப்பமிட்டது நமக்கு உவகையே.

அவர்கள் செய்த உபாயம் பெரிய மறைபொருளன்று. அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிடுவர். துணியை மர வளையத்தில், கைத்தையலுக்கு மாட்டுவதற்கு நேர்மாறாக, துணி அடிப்பலகையோடு படியுமாறு மாட்டி முரசுத் தோல்போல் இறுக்குவர். துணியை நகர்த்தும் பற்களுக்கு வேலையில்லாதபடி செய்துவிட்டு, கால் ஒரே சீராக மிதிக்க, இரு கையும் வளையத்தை நகர்த்தும். இங்கே ஊசி எழுதுகோல். ஆனால் நகர்வது தாள். கால் விரைந்து கை தாழ்ந்தால் நூல் ஓரிடத்தில் குவியும். கை விரைந்து கால் தாழ்ந்தால் தையல் நீண்டு ஊசி ஒடியும். பயிலுவோர் முதலில் தம் பெயரை எழுதிப் பழகலாம். தமிழெழுத்தின் வளைவுகள் இதற்கென்றே அமைந்தவை போலும். துளைப் பூவேலை செய்வோர் முதலில் கத்தரியை எடுக்கலாகாது. பூவின் வரம்பை இருமுறை ஓட்டித் தைத்துவிட்டு, பின்னர் உட்புறத் துணியைத் தையலை ஒட்டி வெட்டியெடுத்து, அவ்விளிம்பை நூலால் நெருக்கி மூட வேண்டும். முதலில் வெட்டினால் மெல்லிய துணி நார்நாராகப் பிரிந்துவிடும்.

அடுக்குத் துணி வைத்துத் தைக்கும் மெத்தைத்தையல் நம் வெப்ப நாட்டுக்கு அவ்வளவு வேண்டுவதன்று. எனினும் ஒரு சொல். சிசிலித் தீவில் பதினான்காம் நூற்றாண்டில் திரிஸ்தன் கதையைத் தைத்த போர்வையொன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இருக்கிறது. அதனினும் நம் மனத்தைத் தொடுவது வங்கத்துக் காந்தா. கிழிந்த பழம் புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் இட்டுப் பேரக்குழந்தைக்குப் போர்வை செய்வர். கந்தையென்னும் நம் சொல்லும் காந்தாவும் உறவுடையன. பொருநன் களைந்த கந்தையும் வங்கத்துப் பாட்டி கையில் கலையாகியிருக்கும். யந்திரத்தில் இது செய்ய விரும்புவோர் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைக்க. ஓரத்திலிருந்து தொடங்கினால் துணியின் தளர்ச்சி முழுவதும் நடுவில் திரண்டு மடிந்துவிடும். புதுப் பருத்தித் துணியை நனைத்து உலர்த்தியபின்பே வெட்டுக. இல்லையேல் முதல் சலவையில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று பகையாகச் சுருங்கும்.

மூலையில் நிற்கும் பழைய யந்திரத்தைத் திறக்க எண்ணுவோருக்கு இன்னும் சில சொல்லிவிடுகிறோம். நம் நாட்டு ஈரக்காற்று இரும்பைத் துருவாக்கும், நூலையும் அரிக்கும். பாட்டி வைத்த நூற்கண்டைப் பாசத்தோடு மாட்டுமுன் ஒரு முழம் பிரித்து இழுத்துப் பாருங்கள். பட்டென்று அறுந்தால் அதனை நினைவுப் பொருளாக வைத்துவிட்டுப் புதிது வாங்குக. தையல் எண்ணெயையே துளைதோறும் ஒரு துளி விடுக; சமையல் எண்ணெய் பிசினாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயிட்டபின் நூலின்றிச் சற்று மிதித்துவிட்டுக் கந்தைத் துணியொன்றில் தைத்து, கறை நின்றபின் நல்ல துணியை வைக்கவும். தோல் வார் தளர்ந்திருந்தால் ஓரங்குலத்துக்கும் குறைவாக வெட்டி மறுபடியும் கொக்கியிடலாம். மெல்லிய வாயிலுக்கு 9 அல்லது 11ஆம் எண் ஊசி. சாதாரணப் பருத்திக்கு 14. தடித்த துணிக்கு 16. மழுங்கிய ஊசியைப் பிடித்துக்கொண்டு சிக்கனம் பேசாதீர்கள். அது துணியைக் குத்தாமல் கிழிக்கும்.

ஊசியை உற்றுப் பாருங்கள். ஒருபுறம் நெடிய பள்ளம் ஒன்று ஓடி, ஹண்டும் ஹோவும் சண்டையிட்ட அந்தத் துளையில் வந்து முடியும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறதோ அந்தப் பக்கம் அப்பள்ளம் இருக்கவேண்டும். எல்லாம் சரியாயிருந்தும் தையல் விட்டுவிட்டு விழுந்தால், யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். ஊசியைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு, இன்னொரு முறை மிதித்துப் பாருங்கள்.